ரொம்மனில் குளத்தை மூட வந்த துரை

எங்கள் குளியலறையின் மேல்மூலையில் ஒரு காற்றுத் துவாரம் இருந்தது. காலையில் நான் பல் தீட்டுவதுபோல் நடித்துக்கொண்டு நிற்கும்போது, யாரோ வெங்காயம் பொரிக்கிற வாசத்தோடும் ஈரத் துவாயின் மணத்தோடும் சேர்ந்து, மேல்வீட்டு ஆணின் குரல் ஒன்று அதற்குள்ளால் இறங்கி வரும். "மா... மே... மீ... மோ... மூ..." என்று அடிவயிற்றில் தொடங்கி, கப்பல் ஊதுவதுபோல் பெருத்து, கடைசியில் எங்கள் கண்ணாடியையே அதிரவைத்துவிட்டு அடங்கும். ஒஸ்லோவின் ரொம்மனில், பத்து நாட்டுச் சமையலும் ஒரே படிக்கட்டில் மணக்கிற "ப்ளொக்" ஒன்றில் நாங்கள் குடியிருந்த காலம் அது.

"ஆருக்கோ வயித்துக்குத்து," என்றார் அம்மா.

"இல்லையப்பா, மனுசன் ஏதோ மந்திரம் சொல்லுறார்," என்றார் அப்பா.

வயிற்றுக்குத்து என்ற கட்சிதான் வென்றது. அம்மா ஓமத்தண்ணி காய்ச்சி ஒரு போத்தலில் ஊற்றி என் கையில் தந்து மேலே அனுப்பினார். கதவைத் திறந்தவர் உயரமான வெள்ளைக்காரர், கலைந்த தலை, கிழிந்த வீட்டுச் சப்பாத்து. எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் "வயிற்றுக்கு" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் நின்ற நிலையிலேயே முழுப் போத்தலையும் குடித்து, கண்ணை மூடி, மறுபடி "மா..." என்று இழுத்துப் பார்த்து, "குரலுக்கு நல்லது, இன்னும் இருக்கிறதா?" என்றார். ராடு மாமா எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் இந்த ஊர் வழக்கம் என்று நான் வாதாடிப் பார்த்தேன். "மாமா எண்டு சொல்லடா, முகத்தைப் பார், எங்கட ஆக்கள் மாதிரித்தான் கிடக்கு," என்று அம்மா முடித்துவிட்டார்.

அவர் ருமேனியாவில் பெரிய மேடை நடிகராக இருந்தவர். வீட்டுச் சுவரில் படங்கள் தொங்கின: ஒன்றில் அரசன், ஒன்றில் குருடன், ஒன்றில் மாப்பிள்ளை, ஒன்றில் அந்த மாப்பிள்ளையின் தாய். எல்லாம் அவரே. அவருடைய ஊர் அரங்கின் கூரை பழுதாகிப் பூட்டுப் போட்டுவிட்டார்களாம். மனைவிக்கு ஒஸ்லோவில் தாதி வேலை கிடைக்க, இவரும் பின்னால் வந்துவிட்டார். இங்கே எந்த மேடையும் அவரை எடுக்கவில்லை. அவர் பேசும் நொர்வேஜிய மொழி ருமேனியச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறது என்றார்கள். ஆனால் தொலைக்காட்சிக்கு அவர் முகம் பிடித்திருந்தது. பொலிஸ் தொடர் எதுவானாலும் ராடு மாமா ஒரு மூலையில் திருடுவார், அல்லது கடத்தல்காரனின் காரை ஓட்டுவார், அல்லது செத்துக் கிடப்பார். செத்துக் கிடப்பதுதான் அதிகம்.

நாங்கள் குடும்பத்தோடு சோபாவில் இருந்து பார்ப்போம்.

"ஐயோ, இண்டைக்கும் செத்துப்போனார்," என்பார் அம்மா.

"கண்ணைச் சிமிட்டினவர், நான் கண்டனான்," என்பேன் நான்.

அடுத்த நாள் படிக்கட்டில் சந்திக்கும்போது ராடு மாமா எப்படி இருந்தது என்று கேட்பார். "நல்லாச் செத்தனீங்கள் எண்டு சொல்லு," என்பார் அம்மா. நான் மொழிபெயர்ப்பேன். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிவார். என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே ஒழுங்கான உத்தியோகம் அந்த மொழிபெயர்ப்பாளர் வேலைதான். மற்றப்படி, பள்ளிக்கூடத்தை இரண்டு முறை தொடங்கி மூன்று முறை விட்டவன் நான். கணக்கு சரியாக வராது, எனக்கும் அது வந்ததில்லை.

பிறகு செத்துக் கிடக்கிற வேலையும் குறைந்தது. ஒரு குளிர்காலத்தில் ராடு மாமா எங்கள் குசினி மேசையில் வந்திருந்து, இனி நடிப்பு வேண்டாம், சம்பளம் வருகிற வேலை எதுவானாலும் செய்கிறேன் என்றார். அப்பா நொர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டியவர். பெரியப்பா இன்னும் அங்கே மீன் தொழிற்சாலையில்தான் மேற்பார்வை. இரண்டு தொலைபேசிப் பேச்சில் வேலை ஒழுங்காகிவிட்டது. இரண்டு கிழமை கழித்து வருகிற திங்கட்கிழமைக்கு விமானச் சீட்டு. மனைவி பிறகு வருவதாகப் பேச்சு. அப்பாவுக்குப் பெரிய சந்தோசம், ஒரு மனிதனுக்கு வழிகாட்டிவிட்டோம் என்று. ராடு மாமா சுவரில் இருந்த அரசனையும் குருடனையும் கழற்றிப் பெட்டியில் வைத்தார். மறுநாள் காலை காற்றுத் துவாரத்தில் வெங்காயம் மட்டும் மணத்தது.

"வயித்துக்குத்து மாறிட்டுது போல," என்றார் அம்மா. ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்திய சனிக்கிழமைதான் எங்கள் சங்கத்தின் கலைவிழா. விழா நாடகத்தை எழுதுவது சித்தப்பா. எந்த நாடகம் எழுதினாலும் அதில் ஒரு வெள்ளைக்காரத் துரையை நுழைத்து, முகத்துக்குப் பவுடர் அப்பி, தானே நடித்துவிடுவார். மூன்றாம் காட்சியில் வேர்வை வந்து பவுடர் வெடித்துப் பாளம் பாளமாய் விழும்போது, துரை எங்கள் சித்தப்பா என்பது கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும். அந்த வருடக் கதையில், துரை தனக்கு மாளிகை கட்டுவதற்காக ஊர்க் குளத்தை மண் போட்டு மூடச் சொல்வார், ஊர் எதிர்த்து நிற்கும். சித்தப்பாவோ விழாவுக்கு முன்பே பேருந்துத் தரிப்பிடத்துப் பனியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் தலையில் கை வைத்திருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான், "மேல்வீட்டிலை உண்மையான வெள்ளையர் ஒராள் சும்மாதானே இருக்கிறார்," என்றேன்.

"வாயை மூடடா, அவர் பெரிய நடிகர்," என்றார் அப்பா.

"வெள்ளையே சும்மா கிடைக்கேக்கை பவுடர் என்னத்துக்கு? கூட்டிக்கொண்டு வா," என்றார் சித்தப்பா.

ராடு மாமா கேட்டது ஒரே கேள்வி: "வசனம் இருக்கிறதா?"

மூன்று பக்கம் என்றேன். "கடைசியாக ஒரு மேடை. பிறகு மீனுக்குப் போகிறேன்," என்றார்.

வசனத்தை நான் வாசிக்க வாசிக்க அவர் ருமேனிய எழுத்தில் எழுதிப் பாடமாக்கினார். தமிழ்ப் பள்ளியில் ஒரே வகுப்பில் வேரூன்றி நின்றவன் நான். என் தமிழில் இருந்த ஓட்டை ஒடிசல் எல்லாம் துரையின் வாய்க்குக் குடிபோயின. "துரை லண்டனிலையிருந்து வந்தவன் மாதிரி இல்லை, ரொம்மன் சந்தியிலை நிண்டு கதைக்கிற பெடியன் மாதிரிக் கிடக்கு," என்று சித்தப்பா அழாக்குறையாகச் சொன்னார். ஆனால் காற்றுத் துவாரம் மறுபடி உயிர்த்தது. "இந்தக் குளம் இனி என்னுடையது!" என்று காலையில் மேலிருந்து இடி விழும். "கொண்டு போங்கோ, முதல் சுடுதண்ணியை விடுங்கோ!" என்று அம்மா கீழிருந்து கத்துவார். ஒரு கிழமைக்குள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முழு நாடகமும் மனப்பாடம்.

எனக்கும் அந்த நாடகத்தில் பாத்திரம் இருந்தது என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். குளத்து எருமை மாட்டின் பின்னங்கால்கள். முன்னங்கால்களும் தலையும் சித்தப்பாவின் மகள் துளசி. அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் தலையைக் கொடுத்தார்கள்.

விழா நாலு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். நாலு மணி என்றால் எங்கள் ஆட்கள் நாலு மணிக்குத்தான் சேலை தேடத் தொடங்குவார்கள் என்பது ராடு மாமாவுக்குத் தெரியாது. சாம்பல் நிறக் கோட்டு, கழுத்துப்பட்டி, கையில் தொப்பி என்று துரை வேடத்திலேயே சரியாக நாலு மணிக்கு மண்டபத்துக்குள் வந்து நின்றார். வாசலில் சங்கத் தலைவர். புதிதாகத் தெரிவானவர், எங்கள் ஒத்திகைப் பக்கமே வராதவர். அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நகராட்சியின் வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் பிரதம விருந்தினராக வருகிறார். வந்தவர் வெள்ளை, கோட்டுப் போட்டிருக்கிறார், சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பன்னீர் தெளித்தார்கள். நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். நாதஸ்வர ஒலிநாடா முழங்க, முழங்கால் வரை தொங்கும் மாலையைப் போட்டு, முன்வரிசைக் கதிரைக்குக் கூட்டிப்போனார்கள். மண்டபம் மெல்ல மெல்ல நிறைந்ததும், குத்துவிளக்கையும் அவர் கையாலேயே ஏற்ற வைத்தார்கள். திரைக்குப் பின்னால் எருமைத் தோலுக்குள் நின்ற எங்களுக்குத் துளசியின் கண் ஓட்டை ஒன்றுதான் உலகம்.

"டேய், ராடு மாமாவுக்கு மாலை போட்டிருக்கிறாங்கள்!"

"என்னை ஏன் கேக்கிறாய்? நான் பின்னங்கால்."

ராடு மாமா எதையும் மறுக்கவில்லை. மேடையில் ஒரு காரியம் தொடங்கிவிட்டால் ஏன் என்று கேட்காமல் கூடவே போகவேண்டும், அதுதான் அவர் தொழில். அப்போது தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இப்பொழுது எமது பிரதம விருந்தினர் சிறப்புரை ஆற்றுவார்," என்று கையை மேடைப் பக்கம் நீட்டினார். நொர்வேஜியப் பேச்சைத் தமிழாக்க ஒருவர் தாளும் பேனாவுமாகத் தயாரானார். ராடு மாமாவுக்கு அந்தக் கை ஒன்றுதான் விளங்கியது. துரை நுழையவேண்டிய நேரம் வந்துவிட்டது.

அவர் மேடையில் ஏறி நின்று மண்டபத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் பார்த்தார். பிறகு காற்றுத் துவாரம் இல்லாமல், சுவர் இல்லாமல், முழுக்குரல்:

"எழும்பி நில்லுங்கள்! இந்தக் குளம் இனி என்னுடையது! நாளை விடியுமுன் இதை மண்ணால் மூடுங்கள்! மூட மறுப்பவனுக்கு இந்த ஊரில் இடமில்லை!"

முன்வரிசை எழும்பி நின்றது. ஒருவர் வாயில் பாதி "ரோல்ஸ்" இருந்தது. மொழிபெயர்க்க வந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். தலைவரின் முகத்தில் சிரிப்பு போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் தொங்கியது. எங்கள் விழா மண்டபத்தில் பிள்ளைகளின் ஓட்டமும் பெரியவர்களின் ஊர்க்கதையும் ஓய்ந்து நான் கேட்ட முதல் அமைதி அது. ராடு மாமா தன் எதிர்வசனத்துக்காகக் காத்து நின்றார். அது வரவேண்டிய விவசாயிகளோ வேட்டி கட்டவே தொடங்கவில்லை. தலைவர் படியில் கால் வைத்தார். இன்னும் ஒரு நொடியில் ஒரு நடிகனின் கடைசி மேடையிலிருந்து அவனைக் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள்.

"குளத்தை மூட நீர் ஆர் காணும்?"

பின்னால் தேநீர் மேசையிலிருந்து வந்த குரல். அப்பா! மேடை என்றாலே வேர்த்துப்போகிற, ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத அப்பா, கையில் தேநீர்க் கேத்தலோடு விவசாயியின் வசனத்தைச் சொல்லிக்கொண்டு நடுவழியால் நடந்து வந்தார். "எங்கட தாய் தேப்பன் வெட்டின குளம்!" என்று பலகாரத் தட்டோடு அம்மா பின்னால் வந்தார். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. "மூட விடமாட்டம்!" என்று மண்டபமே எழுந்தது. திரைக்குப் பின்னால் சித்தப்பா ஊன்றுகோலைத் தூக்கி, "எருமையை விடுங்கோடா!" என்று அலறினார்.

துளசி ஓடினாள். நான் ஓடவில்லை, இழுபட்டேன். எருமையின் முன்பாதி துரையைப் பார்த்துச் சீறிக்கொண்டு போக, பின்பாதி படியில் தடக்கி விழுந்து, தன் வாலைத் தானே மிதித்தது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. ராடு மாமா அந்தச் சிரிப்பை விழுந்துபோக விடவில்லை. எருமையை உற்றுப் பார்த்தார், ஒரு அடி பின்வைத்தார், தொப்பியைக் கழற்றி அதற்கு ஒரு கும்பிடு போட்டார், பிறகு தோற்ற துரையாக, ஆனால் மாலையோடு, தலை நிமிர்ந்து மேடையை விட்டு இறங்கினார். அவர் இறங்கிய பின்னும் கைதட்டல் ஓயவில்லை.

உண்மையான விருந்தினர் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். தோளில் பனியோடு ஒரு பெண்மணி. துரையின் முதல் வசனத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவர் யார் என்று விளங்கியதும் தலைவர் ராடு மாமாவிடம் ஓடி, இருந்த ஒரே மாலையைக் கழற்றக் கையை நீட்டினார்.

"போட்ட மாலையைக் கழட்டுறேல்லை. கையை எடுங்கோ," என்றார் அம்மா.

தலைவர் கையை எடுத்தார். பரிசளிப்புக்கு வைத்திருந்த பூங்கொத்து அந்தப் பெண்மணிக்குப் போனது. அவர் தன் உரையில், ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் குளத்தை நினைத்துப் பயந்துபோனேன் என்றார். வட்டாரத்தின் சிறிய நாடக மேடையை நடத்துபவரே அவர்தானாம். இறங்கி வந்து ராடு மாமாவிடம், "திங்கட்கிழமை வந்து என்னோடு பேசுங்கள்," என்றார்.

திங்கட்கிழமை ஹம்மர்பெஸ்ட். அங்கே இருப்பது சம்பளம், இங்கே இருப்பது வெறும் பேச்சு. ராடு மாமா அப்பாவைப் பார்த்தார். வேலை எடுத்துக் கொடுத்தவர் அப்பா அல்லவா?

"மீன் அங்கைதான் கிடக்கும், எங்கையும் போகாது. அந்த மனுசியோடை போய்க் கதைக்கச் சொல்லு," என்றார் அப்பா என்னிடம். நான் மொழிபெயர்த்து முடிக்கு முன்பே பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

"அண்ணை, அந்தாள் வரேல்லை. இஞ்சை வேலை கிடைச்சிட்டுது."

"என்ன வேலை?"

அப்பா தேநீர்க் கேத்தலை மேசையில் வைத்தார். "துரை வேலை."

அந்தச் சிறிய மேடையில் அவருக்கு முதலில் கிடைத்தது ஒரு காவல்காரனின் பாத்திரம், ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் வசனம். அதை அவர் சொன்ன விதத்தைப் பார்க்க மக்கள் இரண்டாம் தரமும் வந்தார்கள். பிறகு நகரத்து மேடைகள். சப்பாத்துச் சத்தம் கேட்கிறது என்றவர்களே அந்தச் சத்தத்துக்காகவே பாத்திரம் எழுதினார்கள். தொலைக்காட்சியில் செத்துக் கிடந்தவர், யார் செத்தது என்று விசாரிக்கிற ஆளாக எழும்பினார். "இனி ஆரும் இவரைக் கொல்ல ஏலாது," என்று அம்மா சோபாவில் கால் நீட்டி அமர்ந்தார். இடையிடையே ஒஸ்லோவின் தென்பக்கத்து ஹவுகெட்டோ தொடங்கி எந்தப் பக்கத்துத் தமிழ்ச் சங்கம் கூப்பிட்டாலும் துரையாகப் போய்வருவார். தமிழ் இன்னும் என் தமிழ்தான்.

அவர் ரொம்மனை விட்டுப் போய் நெடுங்காலம். நான் இன்னும் அதே ப்ளொக்கில், டயர் மாற்றுகிற கடையில் வேலை. கட்டடத்தைத் திருத்தியபோது காற்றுத் துவாரத்தை அடைத்து இயந்திரம் பூட்டிவிட்டார்கள். இப்போது வெங்காயமும் வராது, அரசனும் வரமாட்டார். பவுடர் பூசிய துரைகளும் ஒழிந்துபோனார்கள். எங்கள் சங்கத்தில் விருந்தினர் விளக்கேற்றுவதும் நின்றுவிட்டது. ராடு மாமா ஒரு பத்திரிகைக்காரரிடம், "நாடகத்துக்கு முன் நடிகனுக்கு மாலை போட்டு, விளக்கேற்றவைத்து, பிறகே பேசவிடுகிற மக்கள் தமிழர்கள்," என்று சொல்லிவிட்டார். அச்சில் வந்த பிறகு எப்படி மறுப்பது? இப்போது நடிகர்கள்தான் ஏற்றுகிறார்கள்.

போன இலையுதிர் காலத்தில் ஒஸ்லோவின் பெரிய அரங்கில் அவர் அரசனாக நடிக்கும் நாடகம். அவருடைய ஒவ்வொரு நாடகத்தின் முதல் நாளும் அம்மா சந்தனம் குழைத்து அனுப்புவார், கொண்டுபோவது நான். ஒப்பனை அறையில் நரைத்த தலையோடு நெற்றியைக் காட்டிக்கொண்டு இருந்தவரிடம், சந்தனம் வைத்தபடியே கேட்டுவிட்டேன்: அன்றைக்கு அந்த மாலை யாருக்கு வாங்கியது என்று உங்களுக்குத் தெரியுமா?

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்தப் பெண்மணி கதவடியில் நிற்கும்போதே விளங்கிவிட்டது. ஆனால் உன் அம்மா அதைக் கழற்றவிடவில்லையே. அப்படியென்றால் அது எனக்கு வாங்கியதுதான்."

மணி அடித்தது. எருமையின் பின்னங்கால்கள் தங்கள் இருக்கையைத் தேடி நடைவழியால் போய்க்கொண்டிருக்க, பின்னால் மூடிய கதவுக்குள்ளிருந்து, அடிவயிற்றில் தொடங்கிக் கப்பல் ஊதுவதுபோல் பெருத்துக்கொண்டு வந்தது: "மா... மே... மீ..."