சொந்தக்காரர் இல்லாத செவலை

நாய்கள் பற்றிய அரசாங்கக் கொள்கைக்காக எங்கள் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. வீடு வீடாகக் கேள்வி கேட்கும் வேலை எனக்கு. கெலிஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்தான் கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவைச் சந்தித்தேன்.

ஒடிசலான உடம்பு. கூடைக்கயிறு அழுத்தி அழுத்தி நெற்றியில் ஒரு தடம் விழுந்திருந்தது. ரொட்டி சாப்பிட உட்கார்ந்தால் முதலில் ஓரத்தைப் பிய்த்துக் காலடியில் கிடக்கும் செவலை நாய்க்குப் போடுவார். அது கவ்விய பிறகே தான் வாயில் வைப்பார்.

"இது உங்க நாயாம்மா?"

"இல்லீங்க மிஸ். நாங்க குடியிருக்கிற இந்தக் காம்பராவே நம்ம பேர்ல இல்ல. தோட்டத்துல போன்னா போகணும். நாய மட்டும் நம்மளுதுன்னு எப்புடிச் சொல்றது?"

படிவத்தில் இருந்தவை இரண்டே கட்டங்கள். 'சொந்தக்காரர் இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடியிட்டேன்.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் போனேன். அரசாங்க ஆட்கள் எங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் இல்லாத நாய்களை எல்லாம் லொறியில் ஏற்றிப் போயிருந்தார்கள். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எனக்குத் தேத்தண்ணீர் தந்துவிட்டு ரொட்டியோடு உட்கார்ந்தார். ஓரத்தைப் பிய்த்தார். பிய்த்தது கையிலேயே இருந்தது.

"வந்தவங்ககிட்ட ஒங்க நாய்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லத்தான் வாய் வந்துச்சு மிஸ். நீங்க ஒண்ணு எழுதிட்டுப் போயிருக்கீங்க. நான் மாத்திச் சொன்னா உங்க வேலைக்குக் கரைச்சலாயிருமேன்னு பேசாம இருந்துட்டேன்."