வெள்ளறடைக்குப் போய்ச் சொன்னது

நாகர்கோவிலிலிருந்து பாறசாலைக்குப் பாசஞ்சர் ரயிலில் பத்து ரூபாய் டிக்கெட். சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஏறினால் ஏழரைக்கெல்லாம் இறங்கிவிடலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஏழு வருடமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஒரு சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்தவள் நான். எல்லாத் துறையும் சேர்த்து ஐந்நூறு பேர் இருந்தால் அதிகம். பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் மலையாளத்திலும் ஜெபிப்போம். விடுதியில் என் அறைத்தோழி ஷைனி, வெள்ளறடைக்காரி. பஸ் போர்டுகளைக் காட்டிக் காட்டியே எனக்கு மலையாள எழுத்து சொல்லித்தந்தவள்.

பாறசாலை ஸ்டேஷனிலிருந்து ஜங்ஷனுக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். ஏழு ஐம்பதுக்கு வெள்ளறடை பஸ் வந்தது. போர்டை யாரையும் கேட்காமல் வாசித்து ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, கல்யாண வீடா என்று கேட்டார். கூடப் படித்தவளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். சுமார் பதினைந்து கிலோமீட்டர். குன்னத்துக்கால் தாண்டியதும் சாலையின் இரு புறமும் ரப்பர்தான். பால்வெட்டு மழையில் நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள்.

நடந்தது இதுதான். இரண்டாம் வருடத்தில் ஷைனியின் அப்பா நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஷைனி இரவு அவருக்குத் துணையிருந்துவிட்டு, காலையில் நேராக வகுப்புக்கு வருவாள். ஆறரை மணி ஜெபத்துக்கு வந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அவளுக்காக நான் போடுகிறேன் என்று சொன்னது நான்தான். பதினொரு நாள் போட்டேன். பன்னிரண்டாம் நாள் வார்டன் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இதை யார் போட்டது என்று கேட்டார். நானாகவே உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நம்பி ஷைனி வாயைத் திறக்காமல் நின்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். விடுதியை விட்டு அவளை அனுப்பினார்கள். வெள்ளறடையிலிருந்து தினமும் வந்துபோய்ப் பார்த்தாள். அந்தப் பருவம் முடியுமுன் படிப்பையே விட்டாள்.

வெள்ளறடை ஜங்ஷனில் அவளுக்கு ஜெராக்ஸ் கடை. விண்ணப்பங்களும் நிரப்பித் தருகிறாள். நான் போனபோது யாரோ ஒருவரின் மகளுக்கு, நாங்கள் படித்த அதே பல்கலைக்கழகத்துக்கு, விண்ணப்பம் டைப் செய்துகொண்டிருந்தாள். நல்ல இடம், பயப்படாமல் சேர்த்துவிடுங்கள் என்று அவரிடம் மலையாளத்தில் சொன்னாள். அவர் போகும்வரை என்னை நிற்க வைத்துவிட்டுப் பிறகுதான் திரும்பினாள்.

தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தருகிறேன் என்றேன்.

"காலேஜுக்க மேல எனக்கு ஒரு கொறயும் கெடயாது," என்றாள். "ஒனக்க மேலதான் உண்டு."

எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினாள். "வீட்டுக்கு வா. இத அம்மைக்க முன்ன செல்லு."

ஆட்டோவில் போகும்போதுதான் சொன்னாள். பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்த கடிதத்தில், வராத நாட்களுக்கும் ஷைனியே பின்னால் கையெழுத்துப் போட்டுக்கொண்டாள், அறைத்தோழிக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருந்ததாம். அதனால், போட்டது அறைத்தோழிதான் என்று அவள் எவ்வளவு சொல்லியும் வீட்டில் நம்பவில்லை. அடுத்த மாதமே அவள் அப்பா இறந்துவிட்டார்.

அவள் அம்மா முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நின்றது.

"அவரு போகும்போதும் இதத்தான் செல்லிட்டுக் கெடந்தாரு," என்றார் அந்த அம்மா. "எனக்குவேண்டி பிள்ள கள்ளக் கையெழுத்துப் போட்டாளேன்னு."

பிறகு மகளைப் பார்த்தார். "நீ அண்ணைக்கே செல்லினியே மக்கா. நாந்தான் நம்பல்ல."

ஷைனி அடுக்களைக்குள் போய்விட்டாள். அம்மா எழுந்து பின்னாலேயே போனார். நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து ஷைனி முகம் கழுவிக்கொண்டு வந்து, பதினொன்றரைக்குப் பஸ் உண்டு என்றாள்.

ஸ்டாப் வரை வந்தாள். பஸ் வந்தபோது, "வந்தது நல்லதாக்கும்," என்றாள். "ஆனா பழய கூட்டுக்காரின்னு நெனச்சிட்டு இனி வராத."

சரி என்று ஏறினேன். அதில் அநியாயம் எதுவும் இல்லை.

மதியம் வீடு திரும்பினேன். காலையில் எங்கே போனாய் என்று அப்பா கேட்டார். பட்டம் வாங்கிய மகள் என்று ஊரெல்லாம் என்னைச் சொல்லித் திரிகிறவர். அவரிடமும் முதல் தடவையாகச் சொன்னேன். திட்டவில்லை. ஷைனியின் அம்மா பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை குடும்ப ஜெபத்தில் ஷைனிக்காகவும் அவள் அம்மாவுக்காகவும் பெயர் சொல்லி ஜெபித்தார். எப்போதும் முதலில் என் பெயரைத்தான் சொல்வார். அன்று சொல்லவில்லை. நான் முழங்காலில் இருந்தபடி ஆமென் சொன்னேன்.