நடுக்குளத்தில் எட்டு அங்குலம்

1986 டிசம்பர் 28 – 4 அங்குலம். மீன் 3.
1987 ஜனவரி 4 – 5½ அங்குலம். மீன் 7.
ஜனவரி 11 – 6¾ அங்குலம். மீன் 11.
ஜனவரி 18 – 8 அங்குலம். மீன் 19.
ஜனவரி 25 –
ஜனவரி 26 – 8 அங்குலம், 52 அங்குலம், ½ அங்குலம். மீன் 1.

சாமித்தம்பியின் கொப்பியில் அந்தப் பனிக்காலத்துக்கு உள்ளது இவ்வளவுதான். ஜனவரி 25க்கு நேரே ஒன்றுமில்லை. அன்று அவர் குளத்துக்குப் போகவில்லை. போகாத நாளுக்கு அளவு எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை.

சாமித்தம்பி பிறந்தது 1929இல், மட்டக்களப்புக்கு மேற்கே ஒரு பெரிய குளத்தடியில். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் அவருக்கு மட்டம் வாசிக்கும் வேலை. மதகடியில் நட்டிருந்த அளவுக் கம்பத்தைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்த்துத் தண்ணீர் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று எழுதவேண்டும். இருபத்திரண்டு வருடம் எழுதினார். விடுபட்டவை மூன்று நாள்கள்: கலியாண நாள், தகப்பன் செத்த நாள், 78இல் சூறாவளி அடித்ததற்கு அடுத்த நாள். அந்த மூன்றாவது நாளிலும் மனிதர் போய்ப் பார்த்தார். கம்பத்தையே காணவில்லை. 'கம்பம் இல்லை' என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டு வந்தார்.

மனைவி காலமான பிறகு, 1984 ஒக்டோபரில் மருமகன் ஒருவனின் உதவியோடு ரொறன்ரோவுக்கு வந்தார். மருமகன் ஆறே மாதத்தில் மொன்றியலுக்குப் போய்விட்டான். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடி அறையில் சாமித்தம்பி தனியே இருந்தபோதுதான் மாமாங்கம் வந்து சேர்ந்தான். அவனுடைய ஊர் அதே குளத்துக்கு இரண்டு கட்டை தூரம். வயது முப்பத்துநாலு. மனைவி கோணேஸ்வரி ஊரிலேயே இருந்தாள். இருவருக்கும் வெக்ஸ்போர்ட்டில் பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. சாமித்தம்பி வாளிகளை எண்ணி அடுக்குவார், மாமாங்கம் லொறியில் ஏற்றுவான்.

மீனுக்கு இழுத்துக்கொண்டு போனவன் இராசதுரை. ஒஷாவாவில் வேலை, வெக்ஸ்போர்ட்டில் வீடு, பழைய கார் ஒன்று, ஓயாத வாய். அவனோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர்தான் ஒஷாவாவுக்கு வடக்கே, ஆற்றை அணைகட்டி மறித்த அந்தக் குளத்தைக் காட்டிக் கொடுத்தார். பனிக்காலத்தில் உறைந்த குளத்தின் மேல் நடந்து போய், ஆள் இடுப்பளவு நீளத் துறப்பணத்தால் ஐஸைத் துளைத்து, துவாரத்துக்குள் தூண்டில் போட்டுவிட்டு ஒரு முக்காலியில் குந்தியிருக்கவேண்டும். மஞ்சள் உடம்பில் கறுப்பு வரி போட்ட சின்ன மீன்கள் வரும். புளி விட்டுக் காய்ச்சினால் மண்வாடை தெரியாது.

முதல் நாளே சாமித்தம்பி அடிமட்டம் ஒன்றின் நுனியில் ஆணியை வளைத்து அடித்துக்கொண்டு வந்திருந்தார். துவாரத்துக்குள் அதை இறக்கி, ஐஸின் அடிப்பக்கத்தில் ஆணியைக் கொளுவி இழுத்துப் பிடித்து, அங்குலம் பார்த்தார்.

"மீன் பிடிக்க வந்த இடத்தில அண்ணன் தச்சுவேல செய்யிறாரு," என்றான் இராசதுரை.

"நிக்கிற தரையின்ர கனம் தெரியாம நிக்கப்படாது மனே."

"நம்மட ஊரில தண்ணியப் பிடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சா ஐஸ்," என்றான் மாமாங்கம். "இஞ்ச நம்மளப் பிடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சிரிக்கானுகள்."

நாலு அங்குலம் இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம், எட்டு இருந்தால் கார் ஓடலாம் என்பது வெள்ளைக்காரரின் கணக்கு. இரண்டாவது பனிக்காலத்தில் சாமித்தம்பியின் அளவு பெயர்பெற்றுவிட்டது. சனிக்கிழமைகளில் பக்கத்துக் கட்டடங்களிலிருந்தெல்லாம் தொலைபேசி வரும். "அண்ணே, இந்தக் கிழம எத்தின?" அவர் கொப்பியைத் திறந்து பார்த்தே சொல்வார். மனத்தில் இருந்தாலும் பார்த்துத்தான் சொல்வார்.

அவர் அளப்பது எப்போதும் நடுக்குளத்தில், ஒரே இடத்தில். மட்டக் கம்பம் நடுவது ஆழத்தில். கரையில் அளந்தால் அது சேற்றின் கணக்கு. இருபத்திரண்டு வருடப் பழக்கம். அதேபோல மதகைப் பற்றியும் அவருக்கு ஒரு நிச்சயம் இருந்தது. மதகு திறப்பது வயலுக்கு. மாரியில் குளம் நிரம்பும், மதகு பூட்டிக் கிடக்கும். குளத்து வாசலில் 'நீர்மட்டம் முன்னறிவிப்பின்றி மாறலாம்' என்று ஆங்கிலத்தில் பலகை இருந்தது. அவர் அதை வாசித்தார். கோடைக்குச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். ஒரு நெல்கூட விளையாத இடத்தில், அதுவும் உறைபனியில், எந்த மடையன் மதகைத் திறப்பான்?

ஜனவரி 24, சனிக்கிழமை பின்னேரம். அடுத்த நாள் சாமித்தம்பிக்குத் தொழிற்சாலையில் மேலதிக வேலை. மாமாங்கம் குசினி மேசையில் இருந்து, நீலநிற விமானக் கடிதத் தாளில் கோணேஸ்வரிக்கு எழுதிக்கொண்டிருந்தான். பாதியில் நிமிர்ந்தான்.

"அண்ணே, போன கிழம எட்டுத்தானே?"

சாமித்தம்பி கொப்பியைத் திறந்தார். "எட்டு. இந்தக் குளிருக்கு இப்ப ஒம்பதும் இரிக்கும்."

"நடுவிலதானே எட்டு?"

"எட்டெண்டா எட்டுத்தான். என்ன, என்ர கணக்கில ஐமிச்சமா?"

"சேச்சே, உங்கட கணக்கிலயா?" என்று சிரித்துவிட்டு மாமாங்கம் மறுபடி குனிந்து எழுதினான். நிறைய நேரம் எழுதினான்.

ஞாயிறு காலை இராசதுரை அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். வழியில் தபால் பெட்டியருகே நிறுத்தச் சொல்லிக் கடிதத்தைப் போட்டானாம். அவனைக் குளத்தடியில் இறக்கிவிட்டு இராசதுரை ஒஷாவாவுக்கு வேலைக்குப் போனான். பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்து வாசலில் காரை நிறுத்தினான். மீதியை அவன் சாமித்தம்பிக்கு நூறு தடவை சொன்னான். ஒரு தடவையும் மாறவில்லை.

"மைம்மலாகிட்டு அண்ணே. ஆனாத் தெரியிது. நான் ஹோர்ன் அடிக்கல்ல, கையும் காட்டல்ல. அதுக்கு முதலே அவன் முக்காலிய விட்டு எழும்பிட்டான். தூண்டிலச் சுருட்டவுமில்ல. காருப்பக்கம் வரல்ல, இடக்கைப்பக்கக் கரைக்குக் கிறுகி நடக்கான். தலையச் சரிச்சுச் சரிச்சு நடக்கான் அண்ணே, ஆரோ கூப்பிட்டுக் காது குடுக்கிற மாதிரி. நான் குனிஞ்சு சிகரெட் பத்தவச்சன். நிமிந்து பாக்கன், குளம் மட்டும் இரிக்கி."

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. புதருக்குள் ஒதுங்கியிருப்பான் என்று ஐந்து நிமிடம் பார்த்திருந்தான். பிறகு கூப்பிட்டான். பிறகு பொலிசுக்குச் சொல்ல ஓடினான்.

திங்கட்கிழமை விடிய சாமித்தம்பி அங்கே நின்றார். காற்று இல்லை. பொலிஸ்காரர் மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். நடுக்குளத்தில் முக்காலியும் வாளியும் வைத்தது வைத்தபடி. அங்கிருந்து அடிச்சுவடுகள் இடக்கைப்பக்கக் கரையை நோக்கி வந்தன. கரைக்குப் பன்னிரண்டு அடி முன்னால் நின்றுபோயின. நின்ற இடத்தில் ஒரு கதவளவு கறுப்பு.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பலகையில் குப்புறப் படுத்து அந்தக் கறுப்பின் விளிம்புக்குப் போக அவரை விட்டார்கள். அடிமட்டத்தை இறக்கி ஆணியைக் கொளுவினார். எட்டு அங்குலம். கணக்கு பிழையில்லை. ஆனால் அடிமட்டம் நனையாமல் வந்தது. கைவிளக்கை உள்ளே நீட்டினார். ஐஸுக்குக் கீழே தண்ணீர் இல்லை. ஓர் அறை இருந்தது. வெள்ளைக் கூரை, சரிந்து இறங்கும் மண்தரை, கூரையிலிருந்து தொங்கும் வேர்கள். நாலு அடிக்கும் கீழே, மெல்லிய கண்ணாடிபோல் புது ஐஸ் படர்ந்த தண்ணீர். அடிமட்டத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி அதையும் அளந்தார். வெளியே காது விறைக்கும் குளிர், உள்ளேயிருந்து முகத்தில் பட்ட காற்று இளஞ்சூடு. அதில் சேற்று வாடை.

அப்போது அது கேட்டது. அறையின் கோடியில், இருட்டுக்குள், யாரோ பலர் அடங்கிய குரலில் ஓயாமல் பேசுவதுபோல. சாமித்தம்பிக்கு அந்தப் பேச்சு தெரியும். இருபத்திரண்டு வருடம் காலையும் மாலையும் கேட்ட பேச்சு. திறந்த மதகின் சத்தம்.

அணைக்காரர் ஒருவர் வந்து பிறகு விளக்கினார். பங்குனி, சித்திரையில் பனி உருகி வரும் வெள்ளத்துக்கு இடம் வேண்டும். அதற்காகப் பனிக்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். நடுக்குளத்து ஐஸ் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கரையோர ஐஸ் நிலத்தில் ஒட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும்; கீழே தாங்கத் தண்ணீர் இல்லாததால் ஆள் பாரத்துக்கே உடையும். "இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதானே," என்றார் அவர்.

நடுக்குளத்தில் மாமாங்கத்தின் தூண்டிலைச் சுருட்டப் போனார்கள். முக்காலிக் காலில் கட்டியிருந்த நூல் இழுபட்டுக்கொண்டிருந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. சாமித்தம்பி இழுத்தார். ஒரு மீன். இரவு முழுவதும் கிடந்தும் உயிரோடு இருந்தது. கொளுக்கியைக் கழற்றித் துவாரத்துக்குள்ளேயே விட்டார். வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினார்: ஐஸ் எட்டு, அதன் கீழே வெறுமை ஐம்பத்திரண்டு, புது ஐஸ் அரை. மீன் ஒன்று.

எழுதிவிட்டு மேலே உள்ள வரிகளைப் பார்த்தார். மூன்று, ஏழு, பதினொன்று, பத்தொன்பது. குளம் வற்ற வற்றத்தான் மீன் ஒதுங்கிக் கூடும். ஊரில் ஆடி, ஆவணியில் மதகடியில் பிடித்த விராலெல்லாம் அப்படி ஒதுங்கியவைதான். குளம் வற்றுவது அவருடைய எழுத்திலேயே நாலு வாரம் எழுதியிருந்தது.

மாமாங்கத்தின் உடல் ஏப்ரல் 14இல் மதகின் கம்பி வலையடியில் கிடைத்தது. அதற்கு முன்பே, மார்ச்சில், கோணேஸ்வரியின் கடிதம் வந்துவிட்டது. ஊரைவிட்டு எழும்பித் திருகோணமலையில் தமக்கை வீட்டிலிருந்து, சேதி கேள்விப்பட்டு எழுதியிருந்தாள். அழுகை ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் ஒரு கேள்வி மட்டும்: 'அண்ணன், ஐஸ் உறுதி எண்டு அவருக்குச் சொன்ன ஆள் ஆரு?'

சாமித்தம்பி நாலு முறை பதில் எழுதினார், நாலையும் கிழித்தார். பொய் எழுதக் கை வரவில்லை. உண்மை எதுவென்றும் தெரியவில்லை. மாமாங்கம் போனது அந்த எட்டை நம்பியா? அல்லது கேட்டது சும்மா பேச்சுக்கா?

"அண்ணே, அவன் மீனுக்குப் போனவன், உங்கட கொப்பிக்குப் போகல்ல," என்பான் இராசதுரை. "நீங்க நாலெண்டு சொல்லியிருந்தாலும் போயிருப்பான். தலையெழுத்த அடிமட்டம் வச்சு அளக்கேலுமா? விடுங்க."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு கோடை முழுவதும் இருந்தார். பாதி நம்பினார். ஆனால் நடைபாதையில் கால் வைக்குமுன் செருப்பு நுனியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. சுரங்க ரயில் மேடையில், ரயில் வருமுன் கீழேயிருந்து இளஞ்சூடாகக் காற்று எழும்பும். அது முகத்தில் பட்டால் படியேறி வெளியே வந்துவிடுவார். தொழிற்சாலைக்கு இரண்டு பஸ் மாறிப் போனார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து வந்து கீழே தபால் பெட்டியைத் திறந்தார். நீல விமானக் கடிதம். அனுப்பியவர் விலாசம் அவருடைய சொந்த அறை. எழுத்து மாமாங்கத்தின் எழுத்து.

ஒரு கணம் நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தார். பிறகுதான் முன்பக்கத்து முத்திரை தெரிந்தது: 'இந்த விலாசத்தில் ஆள் இல்லை. அனுப்பியவருக்குத் திருப்பவும்.' வழியில் யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டியிருந்தார்கள். ஒட்டு விட்டுப்போய் மடிப்பு தானாகத் திறந்தே கிடந்தது. பிறர் கடிதத்தை அவர் வாசித்ததில்லை. இதை நின்றபடியே வாசித்தார்.

ஊர்ப் புதினம், சம்பளம், குளிர் எல்லாம் முன்பாதியில். பின்பாதியில் இப்படி இருந்தது:

'நாளைக்கும் குளத்துக்குப் போறன். பயப்படாத. சாமி அண்ணன் எட்டு எண்டு அளந்திரிக்கார், இப்பயும் கேட்டன், எட்டுத்தானாம். அவர் இரிக்கக்குள்ள எனக்கு ஒண்டும் வராது. ஒரு விசியம், அவருக்குச் சொல்லல்ல. போன கிழம கரையால நடக்கக்குள்ள கவிட்டு வச்ச பானைக்கு மேல நடக்கிற மாதிரி இரிந்திச்சு. கீழ ஆரோ கதைக்கிற மாதிரி ஒரு சத்தம். நம்மட மதகடிச் சத்தம் மாதிரி எனக்குப் பட்டுது. மதகடியிலயே கிடந்த மனிசனுக்கு நான் போய் மதகச் சொல்லேலுமா? அதும் அவர் கணக்குப் பிழையெண்டு? கவலப்பட்டிருவார். நாளைக்குத் தனியத்தானே நிப்பன், சத்தம் கேட்டா எங்கயிருந்து வருதெண்டு வடிவாப் பாத்திட்டு வந்து, மறுகா அவருக்குப் பக்குவமாச் சொல்லுவன்.'

சாமித்தம்பி பதினான்காம் மாடிக்குப் படியேறியே போனார். மேசையில் அமர்ந்து கோணேஸ்வரிக்கு ஐந்தாவது முறையாக எழுதினார். 'தங்கச்சி, சொன்ன ஆள் நான்தான்' என்று தொடங்கினார். இம்முறை கிழிக்கவில்லை. மாமாங்கம் அவளுக்கு எழுதிய கடிதத்தை அதனோடு சேர்த்து உறையில் வைத்து ஒட்டினார். பிறகு கொப்பியைத் திறந்து, அரை அங்குலத்துக்கும் மீன் ஒன்றுக்கும் கீழே கடைசி வரியை எழுதினார்.

மாமாங்கத்தின் கடிதம் கிடைத்தது: 1987 செப்டம்பர் 3.