கஸ்பாரை விட்டுவிட்ட லென்ஸ்

புதிதாக வாங்கிய லென்ஸ் சத்தமே போடுவதில்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. பொத்தானைத் தொட்டதுமே கேமராத் திரையில் எதிரில் இருப்பவர் கண்மேல் ஒரு பச்சைக் கட்டம் விழுந்துவிடுகிறது. அவர் தலையைத் திருப்பினால் கட்டமும் கூடவே திரும்புகிறது. போன வாரம் ஒரு ஞானஸ்நான வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு ஞானத்தகப்பனாரின் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. யாரைக் கேட்டு அப்படிச் செய்ததோ! இத்தனை வருடம் தூத்துக்குடியில் ஸ்டூடியோ நடத்துகிறேன், சத்தமில்லாமல் காரியம் பார்க்கிறவர்களை நான் அவ்வளவு லேசில் நம்புவதில்லை.

பழைய லென்ஸ் அப்படி இல்லை. அதை இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் உப்புக்காற்றில் ஊறிய பூஞ்சை வாடை வரும். கேமராவுக்குள் இருக்கிற மோட்டார் அதைப் பிடித்துத் திருக வேண்டும். கிர்ர் கிர்ர் என்று போய் வந்து, இருட்டான இடமென்றால் இன்னும் கொஞ்சம் முனகி, எங்கேயோ ஓரிடத்தில் நிற்கும். படத்தின் நட்டநடுவில் ஒரே ஒரு புள்ளிதான் அதற்குக் கண். அந்தப் புள்ளிக்கு நேரே என்ன இருக்கிறதோ அது மட்டும் தெளியும். மற்றதெல்லாம் கலங்கிவிடும்.

அந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்குச் செலின் கல்யாணம்தான் ஞாபகம் வரும். மாப்பிள்ளை கஸ்பார் என் சிநேகிதன், சேக்காளி; கப்பலில் வேலை. அந்த லென்ஸைச் சிங்கப்பூரில் வாங்கி வந்து கொடுத்ததும், நடுப்புள்ளி விவரத்தைச் சொல்லித் தந்ததும் அவன்தான். மாதா கோயிலில் பூசை முடிந்து நான் கேமராவைத் தூக்கியதும் கஸ்பாரின் அம்மா குறுக்கே வந்துவிட்டார்.

"ஏலே, கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளைய ஒத்தையா நிறுத்திப் படம் எடுக்கப்படாது, கேட்டியா. ஆகாது."

அது அவர்கள் வீட்டு வழக்கம். ஆகவே அன்று எடுத்ததெல்லாம் ஜோடியாகத்தான். அந்தக் காலத்தில் கல்யாண ஜோடி இப்போது மாதிரி ஒட்டிக்கொண்டா நிற்கும்? நடுவில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். லென்ஸின் புள்ளி அந்த இடைவெளிக்குள் புகுந்து பின்னால் இருந்த பீடத்தைப் பிடித்துக்கொண்டது. கேமராவின் சின்ன ஜன்னலில் எனக்கு அது தெரியவில்லை. படம் கழுவி வந்தபோது பீடத்துச் சாமந்தியின் இதழ்களை எண்ணலாம் போல இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் பனிமூட்டத்துக்குள் நின்றார்கள்.

நான் படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் கஸ்பார் கப்பலேறிவிட்டான். திரும்பி வந்ததும் வேறு எடுத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன். அவன் திரும்பவே இல்லை. ஏதோ ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தில் கரையிறங்கியவன் அப்படியே மறைந்துவிட்டான். தன் பழைய படங்களையெல்லாம் பெட்டியோடு கொண்டுபோயிருந்தான். செலினுக்கு மிஞ்சியது என் பனிமூட்டம் மட்டும்தான். கப்பலுக்குப் போகிற ஊர்க்காரர்களிடமெல்லாம் அதில் ஒரு பிரதியைக் கொடுத்து, எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்பார். அவர்களும் முகமே இல்லாத அந்தப் படத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் என்னிடம் வருவார்.

"நல்ல படம் ஒண்ணு இருக்கும்லா அண்ணே. நீங்க அவியளுக்குச் சேக்காளி. அவிய சொல்லித்தான் ஒளிச்சு வச்சிருக்கிய."

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினால், "இதுல ஒண்ணக் கத்தரிச்சிருக்கு" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் எனக்குள்ளும் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. நடுப்புள்ளி விஷயம் தெரிந்தவன் ஆயிற்றே கஸ்பார், படம் தெளியக் கூடாது என்றே விலகி நின்றிருப்பானோ? வருடக்கணக்காக நானும் செலினும் இப்படி ஆளுக்கொரு சந்தேகத்தை வளர்த்தோம்.

முந்தாநாள் செலின் போனும் கையுமாக வந்தார். கப்பலில் வேலை பார்க்கும் அவர் தெருக்காரர் ஒருவர் அனுப்பிய படம். ஏதோ ஒரு துறைமுகத்துத் தேநீர்க் கடையில் ஒரு கிழவர். நம் கடற்கரைத் தமிழ் பேசினாராம். பெயரைக் கேட்டதும் எழுந்து போய்விட்டாராம். தெருக்காரருக்குக் கேமராப் பைத்தியம், என்னுடையதைப் போலவே புது லென்ஸ். புருவத்து நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. செலின் கல்யாணப் படத்தை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இவியதானா அண்ணே?"

கலங்கிய முகத்தை வைத்துக்கொண்டு தெளிந்த முகத்தை நான் என்னவென்று ஒப்பிடுவது? எனக்கு ஞாபகம் இருப்பதோ நரை விழாத வாலிப முகம். "உனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டேன்.

படத்தைப் பெரிதாக்கினார். மறுபடி சிறிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தெரியலயே அண்ணே" என்றார். "படந்தான் இல்லன்னு உங்ககிட்ட இத்தன காலமும் சண்ட போட்டேன். மொகம் எங்கிட்ட பத்திரமா இருக்குன்னுலா நெனச்சிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். அன்று நெகட்டிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல என்னைப் படத்தை ஒளித்த திருடன் என்று திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.