எட்டில் ஒரு அச்சுத்தண்டு

எங்கள் பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயர் ரசமட்டம், கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவி. பஸ்களுக்கான அச்சுத்தண்டுகள் உலையிலிருந்து வரும்போது கொஞ்சம் கோணிக்கொண்டு வரும். அவற்றைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி நேராக்குவது அவர் வேலை. இருபத்தாறு வருஷத்தில் ஒன்றைக்கூட அளவுக்கு மீறி அழுத்தியதில்லை என்று அவருக்கு ஒரு பெருமை. நாங்கள் கேலி செய்தால் மீசைக்குள் சிரிப்பார். அந்தப் பாழாய்ப்போன பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

இரும்புக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் வளைத்தால் அந்தப் பக்கம் முறுக்கேறி நிற்கும்; திருப்பி வளைத்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். அப்படித் திருப்பிய தண்டு பார்வைக்கு நேராகத்தான் இருக்கும், கோணல் அளக்கும் டயலும் பூஜ்யம் காட்டும். ஆனால் முதலில் அழுத்திய திசையில் பாரம் விழுந்தால் சீக்கிரமே தொய்ந்துவிடும். அதனால்தான் அழுத்திய பக்கத்தில் பெயிண்டால் அம்புக்குறி போடுவோம்; பஸ்ஸில் அந்தப் பக்கம் மேலே, பாரம் விழும் பக்கமாக வரும். அளவு மீறி அழுத்திவிட்டால், திருப்பி வளைக்காமல் ஸ்கிராப்பில் எறிவோம்.

அன்று எட்டுத் தண்டு ஏற்ற வண்டி வாசலில் நின்றது. முதலாளி கத்திக்கொண்டிருந்தார். ஒன்றில் ரசமட்டத்துக்குக் கை தவறி, அழுத்தம் அளவு மீறிவிட்டது. புரட்டிப் போட்டு மறுபக்கம் அழுத்தினார், சுலபமாக வந்தது. யாரும் பார்க்கவில்லை. எட்டோடு எட்டாக ஏற்றிவிட்டார்.

மூன்றாம் நாள் அவருடைய தங்கை வீட்டுக்காரர் வந்தார், பஸ் டிரைவர். "மச்சான், என் வண்டிக்கு உங்க தண்டுதான் போட்டிருக்காங்க. இனி எனக்கென்ன பயம்?" என்றார். ரசமட்டத்தின் முகம் செத்துப்போனது. அவரிடமும் என்னிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, முதலாளியிடம் ஓடினார்.

"எட்டையும் திரும்ப வாங்கிடலாங்க. அம்புப் பக்கமா அழுத்திப் பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும்."

"எட்டு பஸ்ஸை நிறுத்தி, தப்பு பண்ணிட்டோம்னு நாமளே தண்டோரா போடணுமா? டயல் பூஜ்யம் காட்டுச்சுல்ல? வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

முதலாளியை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ரசமட்டம் பஸ் டிப்போக்களில் ஏறி இறங்கினார். பட்டறையிலிருந்து கடிதம் இல்லாமல் கை வைக்க மாட்டோம் என்றார்கள். தங்கை வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒரு மெக்கானிக்; அவர் மட்டும் இரக்கப்பட்டு அந்த ஒரு வண்டியின் தண்டைக் கழற்றிக் கொடுத்தார்.

அம்புக்குறி மேலே இருக்க, அதைப் பிரஸ்ஸில் வைத்தோம். ரசமட்டம் அழுத்தினார், நான் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துச் சொன்னேன். கெட்ட தண்டு என்றால் பாதி அழுத்தத்திலேயே தொய்ந்திருக்கும். முள் ஏறிக்கொண்டே போனது; தண்டு அசையவில்லை.

"அப்பாடா! நம்ம வண்டி தப்பிச்சுது மச்சான்!" என்று தங்கை வீட்டுக்காரர் கைதட்டினார்.

ரசமட்டம் கைப்பிடியை விடவில்லை. மற்ற ஏழு பஸ்களும் அந்த நேரம் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன. "வளைஞ்சிடு... வளைஞ்சு தொலையேன்" என்று அவர் அந்த இரும்பிடம் கெஞ்சியது, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.