ராவுண்ணியின் கோபம் கூடாத காலம்

பாரதப்புழைக் கரையில் எங்கள் ஊர்க்காரர் ராவுண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொன்னால், அது அவரைக் குறைத்துச் சொல்வதாகும். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஏறினால் டிக்கெட் வாங்கியவர்களும் கையைப் பிசைவார்கள். வீட்டிலும் அதே பரிசோதனைதான். மனைவி மாளுக்குட்டி கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் பேசியதெல்லாம் "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா", "மழை வர்ற மாதிரி இருக்கு" என்ற அளவில்தான்.

பக்கத்து வீட்டு இட்டூப்பின் பலாமரம் வேலிக்கு இந்தப் பக்கம் கிளை நீட்டியதற்காக, ஒரு நாள் காலையில் ராவுண்ணி முகத்தை இடப்பக்கம் வெடுக்கென்று திருப்பிக் கத்தினார். கத்தலின் உச்சத்தில் கடக்கென்று ஒரு சத்தம். கழுத்து அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து நேரே பார்க்க வேண்டுமானால் உடம்பைத் திருப்பி நண்டு மாதிரி நடக்க வேண்டும். பகவதி கோவிலில் அம்மனுக்குத் தோளைக் காட்டி நின்றார். டீக்கடையில் யாரைத் திட்டுகிறார் என்று தெரியாமல், இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

வாசுண்ணி வைத்தியர் வந்து வெகுநேரம் நாடி பார்த்தார்.

"உடம்புல மூணு பேர் குடியிருக்காங்க, ராவுண்ணியேட்டா. வாதம், பித்தம், கபம். மூணு பேரும் விட்டுக்கொடுத்து இருந்தா அதுக்குப் பேர்தான் ஆரோக்கியம். உங்களுக்குள்ள பித்தம் மட்டும்தான் பேசுது. மத்த ரெண்டும் வாயைப் பொத்திக்கிட்டு மூலையில கிடக்கு."

கதவோரம் நின்றிருந்த மாளுக்குட்டி தலை குனிந்துகொண்டாள்.

"இது யார் கண்டுபிடிச்ச வைத்தியம்?" என்றார் ராவுண்ணி.

"முதல்ல பிரம்மா மனசுல தோணிச்சு. அவர் தட்சனுக்குச் சொன்னார். தட்சன் அஸ்வினி தேவர்களுக்கு, அவங்க இந்திரனுக்கு. மனுஷனுக்கு நோய் பெருகினப்ப பரத்வாஜ முனி போய் இந்திரன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தார்."

"இத்தனை கை மாறின டிக்கெட்டைக் காட்டினா, செல்லாதுன்னு ஆளை இறக்கி விட்டிருப்பேன்."

"இறக்கி விடுங்க. கழுத்து உங்களோடது" என்றார் வைத்தியர்.

இரண்டு வாரம் தோணி மாதிரி குடைந்த மரத்தொட்டியில் படுக்கவைத்து, சூடான தைலத்தைத் துணியில் நனைத்துப் பிழிந்து ஊற்றினார்கள். அதன் பிறகு வந்ததுதான் சங்கடம். சிகிச்சை எத்தனை நாளோ, அத்தனை நாள் நல்லரிக்கை என்ற பத்தியம் இருக்க வேண்டும். வெயில், காற்று, புளி, மிளகாய், மத்தி மீன், பகல் தூக்கம் எதுவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோபம் கூடாது.

"காய்ச்சல்னு ஒண்ணு உலகத்துல வந்ததே தட்சன் யாகத்துல சிவனுக்கு வந்த கோபத்தாலதான்" என்றார் வைத்தியர். "அவர் கோபமே நோயாத்தான் முடிஞ்சதுன்னா நீங்க எம்மாத்திரம்? ஒரு தடவ கத்தினா ஏறின தைலம் அத்தனையும் வீண். கழுத்து ஆயுசுக்கும் இட்டூப்பு வீட்டைப் பார்த்துதான்."

இந்தச் செய்தி மதியத்துக்குள் ஆற்றைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் இட்டூப்பு வந்து சேர்ந்தார்.

"ராவுண்ணியேட்டா, கோபப்படக் கூடாதாமே? நல்லது. உங்க பக்கம் விழற பலாப்பழத்தையும் இத்தனை வருஷமா நான்தான் எடுத்துக்கிட்டிருந்தேன்."

ராவுண்ணி பல்லைக் கடித்துக்கொண்டார். வைத்தியர் உச்சந்தலையில் தேய்த்திருந்த ராஸ்னாதிப் பொடி அப்படியே சூடேறியது போல இருந்தது. "சந்தோஷம்" என்றார்.

மறுநாள் வாசலில் வரிசை நின்றது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எண்பத்தெட்டுல ஷொர்ணூர் வரைக்கும் டிக்கெட் இல்லாம வந்தேன். உங்க முன்னாடியேதான் நின்னேன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார். அன்று ராவுண்ணிக்குக் கஞ்சி இறங்கவில்லை. இன்னொருவர், "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. கிடைச்ச சந்தர்ப்பத்தை விடுவானேன்னு வந்தேன். ஒரே ஒரு தடவ வாடா போடான்னு பேசிட்டுப் போயிடறேன்" என்று அனுமதி கேட்டுப் பேசிவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் அடுப்பையே வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கூட்டம் கலைந்த ஒரு மாலையில் மாளுக்குட்டி கஞ்சியும் பயறும் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் தன் எதிரில் உட்கார்ந்து ராவுண்ணி பார்த்ததே இல்லை.

"நானும் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நம்ம கல்யாணத்துல பாயசத்துல இனிப்பு பத்தலைன்னு நீங்க போட்ட சண்டையில, எங்கண்ணன் அப்புறம் இந்த வீட்டுப் படியே ஏறல. நான் மாசாமாசம் குருவாயூர் போறேன்னு சொல்றேனே, அவன் வீட்டுக்குத்தான் போறேன்."

"அப்ப நீ கொண்டு வந்த பிரசாதம்?"

"அண்ணி செஞ்ச பால் பாயசம்."

அதை ஒவ்வொரு முறையும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ராவுண்ணி குடித்திருக்கிறார். கோபம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டை வரை வந்து, வழி இல்லாமல் சிரிப்பாக வெளியே வந்தது. மாளுக்குட்டி முதலில் பயந்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

அதற்கப்புறம் அவள் தினமும் வந்து உட்கார்ந்தாள். அவர் குறட்டையில் பஸ் கியர் மாற்றும் சத்தம் வருவதைச் சொன்னாள். சின்ன வயதில் திருவாதிரைக்குப் பாடிய பாட்டைச் சொன்னாள். ஒரு நாள், "கேட்டுல உங்க செருப்புச் சத்தம் கேட்டா நான் இன்னிக்கும் சமையலறைக்குள்ள போய் நின்னுக்குவேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள். ராவுண்ணிக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பேச்சை உள்ளே வைத்துக்கொண்டு ஒருத்தி தன் வீட்டில் இருந்திருக்கிறாளே என்று மனசு வலித்தது. மத்தியானம் ஆனதும் அவள் எப்போது வருவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்க ஆரம்பித்தார்.

நல்லரிக்கை முடியும் நாள் வந்தது. இனி அவர் கோபப்படலாம் என்பதால், ஊர் முழுவதும் வேலிக்கு வெளியே, ஓடுவதற்குத் தோதான தூரத்தில் நின்றது. இட்டூப்பு வீட்டைப் பூட்டிவிட்டார். மாளுக்குட்டி அன்று பாயில் உட்காரவில்லை. கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"கழுத்தைத் திருப்புங்க பார்க்கலாம்" என்றார் வைத்தியர்.

"திரும்பல."

"கொஞ்சம்கூடவா?"

உள்ளே ஒரு கிண்ணம் விழுந்து உருண்டது. ராவுண்ணியின் முகம் வலப்பக்கம் இருந்த சமையலறைக் கதவை நோக்கி முழுசாகத் திரும்பியது. அதன் வாசற்படியில் மாளுக்குட்டி கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திட்டு வரட்டும் என்று நின்றிருந்தாள்.

"திரும்பல வைத்தியரே" என்றார் ராவுண்ணி, அவளையே பார்த்துக்கொண்டு. "இன்னும் கொஞ்ச நாள் நல்லரிக்கை இருந்துடறேன்."

வைத்தியர் அவர் கழுத்தைப் பார்த்தார். மாளுக்குட்டியைப் பார்த்தார். மெதுவாக எழுந்து வாசலுக்குப் போய், "இன்னும் சரியாகலையாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். டீக்கடைக்காரர் பாலை மறுபடியும் அடுப்பில் வைத்தார்.

மாளுக்குட்டி தள்ளி வைத்த கஞ்சியை எடுத்து வந்தாள். ராவுண்ணி பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

"அப்படின்னா இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றாள்.