சூளைப் பள்ளியின் பெயர்

கல்வி அலுவலகத்தில் அவளுக்கு 'விடாக்கண்டி' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான். காதுக்கு எட்டியதும், "இத்தனை கொடாக்கண்டன் இருக்கிற ஆபீஸ்ல விடாக்கண்டி ஒருத்தியாவது வேணாமா?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள்.

மாவட்டத்தின் நூற்றுப் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளின் பதிவேடு அவள் மேசையில் இருந்தது. எந்தப் பள்ளிக்கு ஏன் அந்தப் பெயர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பாலத்துக்கு அடியில் வகுப்பு நடந்தது பாலத்தடிப் பள்ளி. அக்காவும் தங்கையுமாக முப்பது வருஷம் நடத்தியது ரெட்டை டீச்சர் பள்ளி. அவள் படித்தது சூளைப் பள்ளி. செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள், வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாளில் தாங்களே கல் அறுத்து, சுட்டு, சுமந்து கட்டிய பள்ளி. அவள் அப்பாவும் அம்மாவும் அதில் உண்டு.

ஒருநாள் புதிய அதிகாரி கூப்பிட்டார். "சூளைப் பள்ளிக்குப் பேரை மாத்தறோம்மா. பழைய சூளை முதலாளியோட பையன் இப்ப பெரிய காண்ட்ராக்டர். புதுக் கட்டடம் கட்டித் தர்றாராம். அவங்க அப்பா பேர் வைக்கணும். ஆர்டர் டைப் பண்ணிடுங்க."

"பழைய பேருக்கு என்ன சார் குறை?"

"சூளைன்னா பிள்ளைங்களுக்குக் கூச்சமா இருக்காதா?"

"நான் அங்கதான் படிச்சேன். எனக்கு ஒரு கூச்சமும் இல்லையே."

அதிகாரி பேனாவை மூடினார்.

பெயர் மாற்ற வேண்டுமென்றால் பழைய கோப்பைப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. பதிவறையில் இரண்டு நாள் தும்மித் தும்மித் தேடினாள். மூன்றாவது கட்டுக்குள் பள்ளியின் கோப்பு கிடைத்தது. அதில் சூளை முதலாளி கைப்பட எழுதிய மனு ஒன்று. படித்ததும் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதைப் பெயர் மாற்றக் கூட்டத்தில் வாசிக்கப்போவதாக வீட்டில் சொன்னதும், பஸ் டிரைவரான கணவர் பதறினார். "ரிட்டயர் ஆக நாலே வருஷம். ஊரான் வம்பு நமக்கு எதுக்கு?"

"ஊரான் வம்பா? எங்கம்மா தலையில சுமந்த கல்லுங்க அது."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "கூட்டம் எத்தனை மணிக்கு?" என்றார்.

கூட்டத்தில் குறிப்பை வாசிக்கச் சொன்னார்கள். அவள் மனுவை வாசித்தாள். "பள்ளிக்கூடம் வந்தால் கல் சுமக்கச் சிறு பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். ஆகவே அனுமதி தரக் கூடாதெனக் கேட்டுக்கொள்கிறேன்."

"எப்பவோ எழுதினது. இப்ப எதுக்கும்மா?" என்று அதிகாரி சீறினார்.

"பேரும் எப்பவோ வெச்சதுதான் சார். அதை மட்டும் எதுக்குத் தோண்டறீங்க?"

எதிரில் உட்கார்ந்திருந்த காண்ட்ராக்டர் கையை நீட்டித் தாளை வாங்கினார். "அப்பா கையெழுத்துதான்" என்றார். முகம் கறுத்துப்போயிருந்தது. "செத்துப்போன மனுஷரும்மா. இப்படி நாலு பேர் முன்னாடி..."

"செத்தவங்க எங்க பக்கமும் இருக்காங்கய்யா. அவங்களுக்காகப் போர்டு கேக்க ஆளில்லை. அதான் நான் வந்தேன்."

அவர் எழுந்து போய்விட்டார். பெயர் தப்பியது; கட்டடம் போயிற்று. அதே வாரம் அவளுக்கு இடமாற்றம், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்துக்கு. அழுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஆனால் அடுத்த மழையில் சூளைப் பள்ளி ஒழுகியபோது, பிள்ளையை அழைக்க வந்த ஒரு தாய், பார்க்கப் போன அவளை வழிமறித்து, "பேரா வந்து பிள்ளைங்களுக்குக் குடை பிடிக்கும்?" என்று கேட்டாள். அது சுருக்கென்று தைத்தது. அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளே கூரை கேட்டு மனு எழுதினாள். பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினாள். பதினான்கு மனு. அடுத்த மழையிலும் பிள்ளைகள் பெஞ்சை இங்கும் அங்கும் நகர்த்தித்தான் படித்தார்கள். மூன்றாம் வருஷம் அரசாங்கச் செலவிலேயே கூரை வந்தது.

திறப்பு விழாவுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அதிகாரி பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"உங்களுக்கு இன்விடேஷன் வந்துச்சாம்மா?"

"கூப்பிடாத வீட்டுக்குத்தான் சார் போகக் கூடாது" என்றாள் விடாக்கண்டி, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "இது எங்க வீடு."